எதிர்கால வாத்தியாரின் ஆறரை மணி வகுப்பு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அலுவலக அடையாள அட்டையோடு நின்றுபோனது. மற்ற எல்லோருக்கும் அவர் எதிர்கால வாத்தியார். பெயரைக் கேள்விப்பட்டு, ஜோசியம் பார்ப்பவர் என்று நினைத்துக் கையை விரித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களையும் உட்காரவைத்து, ஆங்கிலத்தில் 'வில்' எங்கே வரும், 'கோயிங் டு' எங்கே வரும் என்று அரை மணி நேரம் விளக்கித்தான் அனுப்பினார். அவர்களில் ஒருவர் வகுப்பிலேயே சேர்ந்துவிட்டார். கையில் இல்லாத அதிர்ஷ்டம் இலக்கணத்திலாவது இருக்குமா என்று பார்த்திருப்பார்.

பகலில் வாத்தியார் ஒரு பேருந்து நிறுவனத்தின் கால அட்டவணைப் பிரிவில் இருந்தார். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு கணினி, கால் ஆடுகிற ஒரு நாற்காலி, அவர். வண்டி காலை ஆறு பத்துக்குப் புறப்படும் என்று அவர் தட்டச்சு செய்வார். ஓட்டுநருக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது அது புறப்படும். அட்டவணை ஒட்டிய பலகைக்குக் கீழே நிற்பவர்கள்கூட அதைப் படிப்பதில்லை. வெயிலுக்கு அந்தப் பலகை கொஞ்சம் நிழல் கொடுத்தது, அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடங்கள் நடக்காத நேரங்களையே எழுதிவந்த மனிதருக்கு, நடக்கப்போவதை மட்டுமே எழுத வேண்டும் என்ற வெறி பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்த வெறிக்கு இடம் கொடுத்தவன் மச்சினன், அதாவது வாத்தியாரின் மனைவியுடைய தம்பி. மரச்சாமான் கடைக்குப் பின்னால், மாடியில், ஓர் அறை. ஆறு பெஞ்சு, ஒரு கரும்பலகை, சுற்றும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. ஆள் சேர்ப்பது, பலகை எழுதி மாட்டுவது, விசிறியைத் தட்டிக் கொடுப்பது எல்லாம் மச்சினன் பொறுப்பு. ஆங்கிலம் மட்டும் வாத்தியார் பொறுப்பு. மாலை ஆறரைக்கு அவர் உள்ளே நுழைந்தால் பதினோரு பேர் எழுந்து நிற்பார்கள். பேருந்து அலுவலகத்தில் அவர் நுழைந்தால் நாற்காலி மட்டும் ஆடும். இருபத்திரண்டு வருடங்களாக அந்த மனிதரை நிமிர்த்தி வைத்திருந்தது அந்த ஆறரை மணிதான்.

நாளையைப் பற்றிப் பேச ஆங்கிலேயர்கள் இத்தனை வழி வைத்திருப்பதே, அவர்களுக்கு நாளையின் மேல் நம்பிக்கை கிடையாது என்பதற்குச் சாட்சி என்பது வாத்தியாரின் துணிபு. இப்போதுதான் தோன்றியது என்றால் ஒரு மாதிரி சொல்ல வேண்டும். நேற்றே முடிவு செய்தது என்றால் வேறு மாதிரி. இன்னொருவரோடு நாளும் நேரமும் பேசி வைத்தாயிற்று என்றால், நிகழ்காலத்தைத் தூக்கி எதிர்காலத்தில் போட வேண்டும். ரயில், பேருந்து போல அட்டவணைப்படி நடப்பது என்றால் வெறும் நிகழ்காலமே போதும். இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

கிழமைக்கு 'ஆன்', மாதத்துக்கு 'இன்', மணிக்கு 'அட்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் ஆகும். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்றால் வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்ற சண்டைக்கு இரண்டு வாரம். வருகிற வெள்ளிதான் என்றார் வகுப்பிலிருந்த நர்ஸ். வருகிற வெள்ளியை 'திஸ்' என்று சொல்லிவிட்டால் 'நெக்ஸ்ட்' அதற்கடுத்ததுதானே என்றார் வேன் டிரைவர். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து பெஞ்சு மாறி உட்கார்ந்தது. தேதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்று வாத்தியார் தீர்ப்பு வழங்கினார். இரண்டு கட்சிக்கும் பெருத்த ஏமாற்றம்.

இதெல்லாம் எந்த வாத்தியாரும் செய்வது. இவருடைய சட்டம் வேறு. இவர் வகுப்பில் எழுதப்படும் எதிர்கால வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் டாம் என்றொருவன் செவ்வாய்க்கிழமை லண்டனுக்குப் பறக்கிறான் என்றிருந்தது. "டாம் யாரு? அவன் போனானா இல்லையான்னு யாரு போய்ப் பார்த்தா?" என்று கேட்டு அந்தப் புத்தகத்தை மூடியவர் பிறகு திறக்கவில்லை. நாளை சூரியன் உதிக்கும் என்ற வாக்கியத்துக்கும் தடை. அது நம்முடைய ஏற்பாடு இல்லை.

அதற்குப் பதிலாகத் திங்கட்கிழமைதோறும் தன் வீட்டு வாரத்தையே பலகையில் எழுதினார். 'மை வைஃப் இஸ் சீயிங் த டென்டிஸ்ட் ஆன் ட்யூஸ்டே அட் ஃபோர்.' செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு மனைவி பல் மருத்துவரைப் பார்த்தாள். புதன்கிழமை வகுப்பு, பிடுங்கியது எத்தனை என்று விசாரித்தது. இப்படி எழுதியவற்றையெல்லாம் தட்டச்சு செய்து அறுபத்து மூன்று தாளாகப் பின் அடித்து வைத்திருந்தார். அதுதான் வகுப்பின் பாடநூல். அவர் வீட்டில் எப்போது குழாய் ரிப்பேர், மகள் எந்த வியாழக்கிழமை எந்த வண்டியில் வந்து இறங்கினாள் என்பதெல்லாம் அதில் உண்டு.

மனைவிக்கு இதில் வருத்தம் இருந்தது. "தெருவுல போனா, முன்னப்பின்ன தெரியாத ஆள் நிறுத்தி, 'இப்ப வலி இல்லையேம்மா'ன்னு கேக்கறான். என் பல்லு என்ன பொதுச்சொத்தா?"

மாணவர்களுக்கும் இதே சட்டம்தான். பல வருடமாக வகுப்பை விடாமல் வந்துகொண்டிருந்த தையல்காரர் ஒருமுறை, சனிக்கிழமை தலைமுடி வெட்டிக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டுத் திங்கட்கிழமை அதே தலையோடு வந்தார்.

"இலக்கணம் சரிதானே சார்?"

"இலக்கணம் சரி. தலை தப்பு. சைபர்."

அன்றிலிருந்து வகுப்பில் பொய் எழுதுகிற பழக்கம் ஒழிந்தது. சிலர் வாக்கியத்துக்குப் பயந்து வாழ்க்கையையே ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணிடம் மனதைத் திறந்து பேசப்போவதாக வாய்தவறி எழுதிவிட்டு, மதிப்பெண் போய்விடுமே என்று பேசியே தீர்த்தார். இப்போது அவருக்கு இரண்டு குழந்தைகள்.

குறை ஒன்று உண்டென்றால், ஆறு மாதப் படிப்பில் நான்கு மாதம் எதிர்காலத்திலேயே கழிந்தது. "கடந்த காலம் எப்போ சார் வரும்?" என்று நர்ஸ் கேட்பார். "அடுத்த மாசம்" என்பார் வாத்தியார். அடுத்த மாதமும் அதையே சொல்வார்.

இந்த மாதக் கடைசியில் அவருக்குப் பேருந்து அலுவலகத்திலிருந்து ஓய்வு. பத்தொன்பது நாள் பாக்கி. அதன் பிறகு காலையில் எழுந்தால் போக ஓர் இடமாக வகுப்பு மட்டும்தான் மிஞ்சும். அதை அவர் துக்கமாக நினைக்கவில்லை. முதல் தேதியிலிருந்து மாலை நான்கு மணிக்கே ஒரு வகுப்பு, ஆறரைக்கு ஒரு வகுப்பு என்று பலகையில் எழுதியும் விட்டார். அதைப் பார்த்த மச்சினன் விசிறியைத் தட்டிக் கொடுத்தான். அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வாத்தியார் வழக்கமான வீட்டுப்பாடம் கொடுத்தார். வருகிற வாரம் நீங்கள் செய்யப்போவதைப் பற்றி ஐந்து வாக்கியம், நாளும் நேரமும் சேர்த்து. வகுப்பில் ஒரு நெளிவு தெரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், உண்மையைத்தான் எழுதணுமா?" என்று தையல்காரர் கேட்டார்.

"வேற எதை எழுதுவீங்க?"

"கொஞ்சம் கற்பனையா..."

"கற்பனையா எழுதணும்னா பகல்ல எங்க ஆபீசுக்கு வாங்க. ஆள் தேவைப்படுது."

எல்லோரும் சிரித்தார்கள், தேவைக்கு மேலேயே. சனிக்கிழமை பதினோரு நோட்டும் வந்து சேர்ந்தன.

ஞாயிறு மதியம் மனைவி படுத்திருந்தாள். வாத்தியார் சாப்பாட்டு மேசையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். முதலில் நர்ஸின் நோட்டு. திங்கட்கிழமை ஆறரைக்கு மருந்துக் கடை மாடியில் புது வகுப்பில் சேர்கிறேன் என்று மூன்றாவது வாக்கியம் சொன்னது. கணினி வகுப்பு ஏதோ என்று நினைத்து, விட்டுப்போன ஆங்கில 'த' ஒன்றைச் சேர்த்தார். அடுத்தது வேன் டிரைவர். திங்கட்கிழமை ஆறரைக்குப் புது சார் எங்களுக்கு வகுப்பு எடுக்கிறார். 'அட்' சரியான இடத்தில் இருந்தது. டிக் போட்டார். மூன்றாவது, கிடங்கில் புதிதாகச் சேர்ந்த பையனுடையது. ஞாயிற்றுக்கிழமை காலை பெஞ்சுகளைப் புது இடத்துக்கு மாற்றுகிறோம், வேனில், டிரைவர் அண்ணனோடு.

வாத்தியார் பேனாவை மூடினார். நர்ஸின் நோட்டை மறுபடி எடுத்தார். இந்த முறை பிழை பார்க்காமல் படித்தார்.

மீதி எட்டு நோட்டையும் அதே மாதிரி படித்தார். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சரியான வீட்டுப்பாடம் வந்ததே இல்லை. நாள் சரி, மணி சரி, காலம் சரி. ஒன்றோடொன்று அப்படியே ஒத்துப்போயின. காவல் நிலையத்தில் வாக்குமூலம் எடுத்திருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது. ஒரே ஒரு நோட்டு மட்டும் சேரவில்லை. திங்கட்கிழமை சார் வகுப்புக்கு வருகிறேன், செவ்வாய்க்கிழமை சார் வகுப்புக்கு வருகிறேன் என்று வெள்ளி வரைக்கும் தையல்காரர் எழுதியிருந்தார்.

கடைசி நோட்டு மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணுடையது. அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். 'சார்ஸ் வைஃப் இஸ் கட்டிங் த ரிப்பன் ஆன் மண்டே அட் சிக்ஸ்.' திங்கட்கிழமை ஆறு மணிக்குச் சாருடைய மனைவி ரிப்பன் வெட்டுகிறார்.

உள்ளறையில் மனைவி புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவர் அந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்தாரோ. திருத்த அதில் ஒன்றும் இல்லை. டிக் போட்டார். பேனா தாளைக் கிழித்தது.

திங்கட்கிழமை காலை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, மனைவிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்.

"இன்னிக்குச் சாயங்காலம் உனக்கு ஏதாவது வேலை இருக்கா?"

"எனக்கென்ன வேலை? ஏன்?"

"பலகையில எழுதணும்."

"வீட்டுலதான் இருப்பேன். துணி மடிக்கணும். அதையும் போய் எழுதுங்க."

கட்டிலின் மேல் அவளுடைய நல்ல புடவை, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

மாலை ஆறு இருபத்தைந்துக்கு வாத்தியார், பையில் பதினோரு நோட்டோடு, மரச்சாமான் கடை மாடிக்கு ஏறினார். நோட்டில் தெளிவாக எழுதியிருந்தபோதும் ஏறினார். அறையில் விசிறிகூட இல்லை. அது தொங்கிய கொக்கி இருந்தது. தரையில் பெஞ்சுக் கால்கள் நின்ற இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கரும்பலகையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புது இடத்தில் அதற்கு வேலை இல்லை போலிருக்கிறது. அதில் முதல் தேதியிலிருந்து நான்கு மணி வகுப்பு என்பது அழியாமல் இருந்தது.

கடைக்காரர் சாவிக்காக மேலே வந்தார்.

"உங்க மச்சினன் நேத்தே எல்லாத்தையும் எடுத்துட்டாரே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். படிச்சேன்."

"பேப்பர்லயா? விளம்பரம்லாம் குடுத்துட்டாரா? பலே ஆளுதான் அவரு."

சாவியைக் கொடுத்துவிட்டு வாத்தியார் தெருவைக் கடந்தார். அவர் சண்டைக்குப் போகவில்லை. நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருத்திய நோட்டைத் திங்கட்கிழமை கொடுப்பது என்பது ஏற்பாடு. அதை மீறியவர் அவர் இல்லை.

மருந்துக் கடைப் படிக்கட்டில் புதுப் பெயிண்ட் வாசம். மாடி வாசலில் இருபது முப்பது ஜோடி செருப்பு. நடுவில், இடது வார் அறுந்து அவரே போன மாதம் தைத்துக்கொண்டு வந்து கொடுத்த ஒரு ஜோடி. வெட்டுப்பட்ட ரிப்பனின் ஒரு பாதி கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மைக்கில் ஓர் இளம் குரல் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

'மை டாட்டர் இஸ் அரைவிங் ஆன் தர்ஸ்டே.'

என் மகள் வியாழக்கிழமை வருகிறாள். வாத்தியாரின் அறுபத்து மூன்று தாளில் இருபத்தெட்டாம் தாள், ஏழாவது வாக்கியம். மகள் அந்த வியாழக்கிழமை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முப்பது பேர் அவளை மறுபடி வரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

யாரையோ எதிர்பார்த்து வெளியே வந்த மச்சினன், அவரைப் பார்த்துக் கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினான்.

"மாமா. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"என்னன்னு?"

"இந்த மாதிரின்னு."

"எந்த மாதிரின்னு?"

"கோபப்படாதீங்க மாமா. ஆறு மாசத்துல நாலு மாசம் எதிர்காலமே போகுது. போன வருஷம் ஒருத்தன் இன்டர்வியூவுக்குப் போயிருக்கான். உன்னைப் பத்திச் சொல்லுன்னு கேட்டிருக்காங்க. அடுத்த வாரம் என்ன பண்ணப்போறான்னு கிழமை கிழமையா சொல்லியிருக்கான். எங்க படிச்சான்னு மட்டும் சொல்லத் தெரியல."

வாத்தியார் குறுக்கிட்டார். "கிழமையைச் சரியாச் சொன்னானா?"

"வேலை கிடைக்கல மாமா."

"என் தாளை எடுத்துக்கிட்டியே, அது?"

"அது நல்லாருக்கு மாமா. அதை மட்டும் புது சார் வேண்டாம்னு சொல்லல. வாக்கியமெல்லாம் வீட்டுல பேசுற மாதிரி இயல்பா இருக்காம்."

வாத்தியார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். முதலில் நர்ஸ் எழுந்தார். பிறகு பழைய ஆட்களில் மீதிப் பத்துப் பேரும் எழுந்தார்கள். புது ஆட்கள் எதற்கு என்று தெரியாமல் எழுந்தார்கள். எழுந்திருக்காமல் இருந்தது முன்வரிசையில் தனி நாற்காலியில் இருந்த ஒருத்திதான். நல்ல புடவை. மடியில் கத்தரிக்கோல். அதை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புது ஆசிரியர் மைக்கை இறக்கி, மிகுந்த மரியாதையோடு ஒதுங்கி நின்றார். அந்த மரியாதை ஒன்றுதான் குறைச்சல்.

வாத்தியார் பையைத் திறந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தார்.

"நர்ஸ் அம்மா, ஒம்பதரை. ஒரு 'த' விட்டுட்டீங்க. டிரைவர், பத்து. மருந்துக் கடை, பத்து. நல்லா எழுதியிருக்கீங்க. அவ்வளவும் உண்மை."

யாரும் நிமிர்ந்து வாங்கவில்லை. தையல்காரர் கடைசியாக வந்தார்.

"சைபர்."

"சார், எழுதும்போது வரணும்னுதான் சார் இருந்தேன். சத்தியமா."

"திங்கட்கிழமை என் வகுப்புல நான் மட்டும்தான் இருந்தேன்" என்று சொல்லி நோட்டை அவர் கையில் வைத்தார். பத்துப் பேர் உண்மையைச் சொல்லிக் கைவிட்டார்கள், இவர் பொய் சொல்லிக் கைவிட்டார் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை. முன்வரிசையைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார். படி இறங்கும்போது பின்னால் மைக் ஒருமுறை இருமிவிட்டு மறுபடி தொடங்கியது.

மனைவி ஏழரைக்கு வந்தாள். உடை மாற்றாமலே சமையலறைக்குப் போய், இருவருக்கும் தட்டு வைத்தாள்.

"ஏன் சொல்லல?" என்றார்.

"சொல்லலாம்னுதான்... உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் வாய் வரல."

"நோட்டுல எழுத மட்டும் கை வந்துச்சா?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவங்க பயந்துபோய்த் தம்பிகிட்டதான் கேட்டிருக்காங்க. பொய் எழுதுனா சைபர் போடுவாரு, உண்மையை எழுதுனா தெரிஞ்சிடுமேன்னு. தம்பிதான் சொன்னான், தைரியமா எழுதுங்க, மாமா தப்பை மட்டும்தான் பார்ப்பாரு, என்ன எழுதியிருக்குன்னு பார்க்க மாட்டாருன்னு."

முதல் இரண்டு நோட்டில் மச்சினன் சொன்னதே நடந்திருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

"மாசக் கடைசியில ஆபீசும் முடியுது. அதுக்கப்புறம் நான் என்ன பண்ணுவேன்னு உங்கள்ல யாராவது யோசிச்சீங்களா?"

"யோசிக்காம இருப்போமா?" அவள் முகம் முதன்முறையாகத் தெளிந்தது. "வாசல்ல உங்களுக்கு ஒரு மேசை போடறாங்க. வர்றவங்க பேரு, எத்தனை மணிக்கு வந்தாங்கன்னு எழுதணும். அவ்வளவுதான் வேலை. உங்களுக்குப் பிடிச்ச மாதிரி, நேரம் எழுதற வேலைதான். விசிறிகூட உங்க தலைக்கு மேலேயே வருது."

"இதை யோசிச்சது மச்சினனா?"

"அவனுக்கு எங்க அந்த அறிவு? நான்தான்."

வாத்தியார் கை கழுவினார். துண்டில் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு, அவள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். அவள் விளக்கைப் போடச் சொல்லவில்லை. இருட்டிலேயே சாப்பிட்டு முடித்தாள்.